பிரான்சிஸ்கன் சபையின் முதல் வேதசாஸ்திர ஆசான்

செவ்வாய்க்கிழமை மாலையில் ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்களில் பலர் எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. கையில் மெழுகுதிரிப் பொட்டலம் இருக்கும், கூடவே பிள்ளை குட்டிகள் இருப்பார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம்தான் போகிறார்கள். அங்கே கத்தோலிக்கர் மட்டும் போவதில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் போகிறார்கள். அடையாள அட்டையைத் தொலைத்தவர், திறப்புக் கோர்வையைக் காணாதவர், வெளிநாட்டுக்குப் போய்க் கடிதம் போடாத மகனைத் தேடும் தாய் எல்லாருக்கும் அவர்தான் கதி. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் புனிதர் உயிரோடிருந்த காலத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், நம்மில் முக்காற்பங்கினர் விழிப்போம். அவர் ஓர் ஆசிரியர். இன்று இறையியல் என்று சொல்லப்படும் வேதசாஸ்திரத்தைத் தம் சபைச் சகோதரருக்குக் கற்பித்தவர். பிரான்சிஸ்கன் சபையிலே அந்த வேலைக்கு முதன்முதலாக அமர்த்தப்பட்டவரும் அவரே. சொரூபத்தைக் கவனித்துப் பாருங்கள். பாலன் இயேசு பெரும்பாலும் ஒரு புத்தகத்தின் மேல்தான் இருப்பார். பழைய சித்திரங்களில் புத்தகம் மட்டுமே இருந்தது. பாலன் பிற்காலத்தில் வந்து சேர்ந்தார்.

அவர் அந்த வேலைக்கு எப்படி வந்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அசிசியார் புனித பிரான்சிஸ் புத்தகங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை முதலில் அறியவேண்டும். சுருங்கச் சொன்னால், அவருக்குப் பயம். கல்வியை அவர் வெறுக்கவில்லை. வேதசாஸ்திரிகளை மதிக்கும்படி தம் சீடருக்கு எழுதியே வைத்தார். ஆனால் புத்தகம் வந்தால் அதை வைக்கப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு அறை வேண்டும், அறைக்கு வீடு வேண்டும், பிறகு வறுமை எங்கே நிற்கும் என்பது அவர் கவலை. நவசந்நியாசி ஒருவர் தமக்கென ஒரு சங்கீதப் புத்தகம் வைத்துக்கொள்ள உத்தரவு கேட்டு அவரை விடாமல் நச்சரித்தாராம். சங்கீதப் புத்தகம் கிடைத்ததும் கட்டளை செபப் புத்தகம் கேட்பாய், அதன்பின் பெரிய குருவைப்போல் நாற்காலியில் அமர்ந்து, புத்தகத்தை எடுத்துவரும்படி உன் சகோதரனையே ஏவுவாய் என்று பிரான்சிஸ் அவரைக் கண்டித்து, அடுப்புச் சாம்பலை எடுத்துத் தம் தலையிலே தேய்த்துக்கொண்டார் என்று அவருடைய தோழர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரம் சட்டக் கல்விக்குப் பேர்போனது. அங்கே சகோதரருக்குச் சொந்தமாக ஒரு வீடு எழும்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, நோயாளிகள் உட்பட எல்லாரையும் அதைவிட்டு வெளியேறும்படி பணித்தார். கர்தினால் உகோலினோ, அந்த வீடு தம்முடையது என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகே அவர்கள் திரும்பிப் போகலாமாயிற்று. அதே பொலோஞ்ஞாவிலேதான் சில ஆண்டுகளில் சபையின் முதல் வேதசாஸ்திரப் பாடம் நடந்தது.

நம் கதாநாயகர் 1195ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் பெர்னாண்டோ. நம் கொழும்பு நீர்கொழும்புக் குடும்பங்களில் வழங்கும் அதே பெயர்தான். பதினைந்து வயதளவில் நகருக்கு வெளியேயிருந்த புனித அகுஸ்தீனார் ஒழுங்கின் மடத்தில் சேர்ந்தார். சிநேகிதரும் உறவினரும் ஓயாமல் பார்க்க வந்து தொல்லைப்படுத்தியதால், இரண்டு ஆண்டுகளின் பின் கொயிம்பிரா நகரிலிருந்த திருச்சிலுவை மடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். அங்கே நல்ல நூலகமும் தேர்ந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். எட்டு ஆண்டளவு வேதாகமத்தையும் சபைப் பிதாக்களையும் கற்றார். அவருடைய ஞாபகசக்தியைக் கண்டு பிற்காலத்தில் பாப்பரசரே வியந்தார் என்றால், அந்த வித்து ஊன்றப்பட்டது இந்த மடத்திலேதான்.

1220ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை திசை திரும்பியது. அவ்வாண்டு சனவரி 16ஆந் திகதி பிரான்சிஸ்கன் சகோதரர் ஐவர் மொறோக்கோ நாட்டில் வேதத்துக்காகத் தலை வெட்டுண்டு மரித்தார்கள். அவர்களுடைய திருப்பண்டங்கள் கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஊருக்குப் புறத்தே ஒலிவத் தோப்பில் சிறு குடிலமைத்து வாழ்ந்து, மடத்து வாசலுக்குப் பிச்சைக்கு வரும் எழுத்தறியாத சகோதரரின் சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். படித்த பெர்னாண்டோ தம் வெள்ளை உடையைக் களைந்து அந்தப் பிச்சைக்காரரின் முரட்டு அங்கியை வாங்கிக்கொண்டார். குடிலின் பாதுகாவலரான வனத்து அந்தோனியாரின் பெயரையும் ஏற்றார். நூலகத்தை விட்டார், வேதசாட்சி முடியை விரும்பினார்.

அது கிடைக்கவில்லை. மொறோக்கோவில் இறங்கியதும் கடும் நோய் அவரைப் படுக்கையில் போட்டது. ஊருக்குத் திரும்பக் கப்பலேறினார்; புயல் அதைச் சிசிலித் தீவுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து 1221ஆம் ஆண்டு பெந்தகோஸ்து நாளில் அசிசியில் கூடிய பெருஞ் சங்கத்துக்கு நடந்தே போனார். ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்விடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் கலைந்தபின் எந்தச் சிரேஷ்டரும் அவரைக் கேட்கவில்லை. கடைசியில் ரொமாஞ்ஞா மாகாணத் தலைவர் இரங்கி அழைத்துப் போய், மொந்தேபவுலோ என்னும் மலைக் குடிலில் விட்டார். அங்கே பூசை வைத்தார், குகையில் செபித்தார், மற்றவரோடு சேர்ந்து வீட்டு வேலையும் செய்தார். படித்தவன் என்று அவர் சொல்லிக்கொள்ளவுமில்லை, அவரிடம் ஒருவர் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டு போர்லி நகரில் குருப்பட்டம் நடந்தது. தொமினிக்கு சபையாரும் பிரான்சிஸ்கன் சபையாரும் கூடியிருந்தார்கள். பிரசங்கம் செய்ய ஒருவரும் ஆயத்தமாக வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர எழும்பினவர் இல்லை. இறுதியில் சிரேஷ்டர், இலத்தீன் கொஞ்சம் தெரியும்போலிருக்கிறது என்று எண்ணி அந்தோனியாரைப் பேசும்படி கட்டளையிட்டார். தயங்கித் தயங்கித் தொடங்கினார். சற்று நேரத்தில் கேட்டிருந்தவர்கள் ஆச்சரியத்தில் ஆழ்ந்தார்கள். கீழ்ப்படிதலால் வாய் திறந்தவரைச் சபை அதன்பின் சும்மா இருக்க விடவில்லை. வட இத்தாலியெங்கும் பிரசங்கத்துக்கு அனுப்பியது. பதிதர் மலிந்த ரிமினி நகரில் மனிதர் கேளாததை மீன்கள் கேட்டன என்ற கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிரசங்கத்தால் இன்னொரு தேவை வெளிப்பட்டது. பதிதர்கள் வேதாகமத்தை நன்றாகக் கற்றவர்கள். பக்தி மாத்திரம் உள்ள சகோதரர் அவர்களோடு வாதிட்டால் நிற்க முடியுமா? தங்களுக்குப் பாடம் சொல்லித்தரும்படி சகோதரர் அந்தோனியாரைக் கேட்டார்கள். பிரான்சிஸின் மனமறியாமல் செய்ய அவர் துணியவில்லை. பிரான்சிஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 1223ஆம் ஆண்டின் இறுதியில் அல்லது 1224இல் எழுதப்பட்ட அது இரண்டு மூன்று வரிக் கடிதம்தான். அந்தோனியாரைத் தம் ஆயர் என்று மரியாதையாக விளித்து, அவர் சகோதரருக்கு வேதசாஸ்திரம் கற்பிப்பது தமக்குப் பிரியமே என்றும், ஆனால் அந்தப் படிப்பினால் ஒழுங்கில் எழுதியிருக்கிற செப உணர்வும் பக்தியும் அணைந்துபோகக் கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. தலையில் சாம்பல் தேய்த்துக்கொண்ட அதே மனிதர்தான் இந்த உத்தரவைக் கொடுத்தார். பிரான்சிஸ்கன் வேதசாஸ்திரப் பள்ளிகள் அனைத்துக்கும் அத்திவாரக் கல் இந்தக் கடிதமே என்று சொன்னால் மிகையாகாது.

பொலோஞ்ஞாவில் நடந்தது பட்டம் வழங்கும் கலாசாலை அல்ல. ஒரு மடத்துப் பாடம். வேதாகமமே அங்கே பாடநூல். ஒரு வசனத்தின் எழுத்துப் பொருளையும், அதன் உள்ளே மறைந்திருக்கும் விசுவாசப் பொருளையும், நடத்தைக்குரிய பொருளையும் பிரித்துக் காட்டி, அதைப் பிரசங்கமாக்குவது எப்படி என்று கற்பிப்பது அவர் முறை. அவர் எழுதிவைத்த ஞாயிறு, திருநாள் பிரசங்கங்களில் இதைப் பார்க்கலாம். மக்கள் முன் பேசிய பேச்சுகள் அல்ல அவை, பிரசங்கிமாருக்கான கையேடுகள். இன்று வாசிப்பவருக்குக் கொஞ்சம் கடினமாகவே இருக்கும் என்பதை ஒளிப்பானேன்?

அந்தக் காலத்தில் அச்சுயந்திரம் இல்லை. தோலில் கையால் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தின் விலை ஏழை மடத்துக்கு எட்டாதது. அந்தோனியாரிடம் ஒரு சங்கீதப் புத்தகம் இருந்தது. ஓரங்களில் பாடத்துக்கான குறிப்புகளை எழுதி வைத்திருந்தார். சபையை விட்டு ஓடிய நவசந்நியாசி ஒருவன் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தோனியார் செபித்தார். அவன் வழியில் பயந்து நடுங்கித் திரும்பி வந்து புத்தகத்தைக் கொடுத்ததோடு, மடத்திலும் மறுபடி சேர்ந்துகொண்டான் என்பது மரபு. இது நடந்தது பிரான்சிலே மொம்பெலியேயில் என்று சிலரும் பொலோஞ்ஞாவில் என்று சிலரும் சொல்வார்கள். தொலைந்த பொருளுக்கு நாம் இவரிடம் ஓடுவது இந்தச் சம்பவத்திலிருந்து வந்த வழக்கம். ஓர் ஆசிரியர் தம் பாடக்குறிப்பைத் தொலைத்த கதை அது! சங்கீதப் புத்தகம் கேட்ட நவசந்நியாசியைப் பிரான்சிஸ் கண்டித்தார். சங்கீதப் புத்தகம் திருடிய நவசந்நியாசியை அந்தோனியார் செபத்தால் மீட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சபை சில ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது என்பது தெரியும்.

பிறகு பிரான்சின் தென்பகுதியில் கற்பித்தார், பிரசங்கித்தார், மடங்களுக்குத் தலைவராயிருந்தார். 1226 அக்டோபரில் பிரான்சிஸ் மரித்த பின் இத்தாலிக்குத் திரும்பி 1227 முதல் 1230 வரை வட இத்தாலி மாகாணத்தை நடத்தினார். 1230இல் வறுமையைப் பற்றிச் சபைக்குள் எழுந்த வழக்கைப் பாப்பரசரிடம் கொண்டுபோன தூதுக்குழுவிலும் அவர் இருந்தார். அப்போது பாப்பரசராயிருந்தவர் அந்தப் பழைய கர்தினால் உகோலினோவே. 9ஆம் கிரகோரியார் என்று பெயர். வீடு, புத்தகம் முதலியவற்றைச் சகோதரர் பாவிக்கலாம், ஆனால் அவர்களுக்குச் சொந்தமாகாது என்று அவ்வாண்டு செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னார். பொலோஞ்ஞா வீட்டுக்குச் செய்த உபாயத்தை முழுச் சபைக்கும் சட்டமாக்கினார் எனலாம்.

அந்தோனியாரின் கடைசித் தவக்காலம் 1231இல் பதுவை நகரில் கழிந்தது. நாள்தோறும் பிரசங்கம். கோயில்கள் கொள்ளாமல் வெளியிடங்களில் கூடினார்கள். முப்பதினாயிரம் பேர்வரை கூடினதாக அக்காலத்தவர் எழுதினார்கள். வட்டிக்காரர் கொடுமை அந்நகரைத் தின்றுகொண்டிருந்தது. கடன்பட்டவன் சிறையில் கிடந்தான். அந்தோனியாரின் வேண்டுகோளை ஏற்று, தன் உடைமைகளை ஒப்படைத்த கடனாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்று பதுவை நகரசபை அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சட்டம் இயற்றியது. சட்டத்திலேயே அவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. நாள்வட்டிக்காரனைக் கண்டு கதவைச் சாத்தும் குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் சந்துகளிலும் உண்டு. கொச்சிக்கடையில் திறப்புக் கோர்வைக்காக மன்றாடுகிறவர்கள் இதையும் அவரிடம் கேட்கலாம். அவருக்குப் புதிய வழக்கல்ல.

உடல் அதன்பின் தாங்கவில்லை. நீர்க்கோவை நோய் முற்றியிருந்தது. கம்போசம்பியேரோவில் வாதுமை மரத்தின் மேல் கட்டிய சிறு குடிலில் இளைப்பாறினார். ஜூன் 13, வெள்ளிக்கிழமை, மதிய உணவில் சோர்ந்து விழுந்தார். மாட்டு வண்டியிலேற்றிப் பதுவைக்குக் கொண்டுபோனார்கள். நகரை அடையுமுன் ஆர்செல்லா மடத்தில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு அளவு. உடல் யாருக்கு என்று ஊர்ப் பகுதிகளுக்குள் பெருஞ் சண்டை மூண்டதால், செவ்வாய்க்கிழமையன்றுதான் அடக்கம் நடந்தது. நம் செவ்வாய்க்கிழமை பக்தி அந்த நாளைத் தொட்டதே. ஓராண்டு நிறையுமுன், 1232 மே 30ஆந் திகதி, கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் தொடக்கிய வேலை பெருகிற்று. பாரிஸில் பேர்பெற்ற பேராசிரியரான ஹேல்ஸ் நகர் அலெக்சாந்தர் பிரான்சிஸ்கன் அங்கியை ஏற்றபோது, அவருடைய ஆசிரிய பீடமும் சபைக்கு வந்து சேர்ந்தது. அவர் மாணவரே புனித பொனவெந்தூர். ஒக்ஸ்போர்ட்டிலும் பள்ளி எழும்பி, பின்பு டன்ஸ் ஸ்கோட்டசைத் தந்தது. பிரான்சிஸின் பயமும் வீணாகவில்லை. படித்த குருக்கள் கை ஓங்கியது. 1240களில் குருப்பட்டம் பெறாத சகோதரருக்குச் சபைப் பதவிகள் மறுக்கப்பட்டன. பிரான்சிஸின் ஆதித் தோழரான எஜிடியூஸ், பாரிஸ் அசிசியைக் கெடுத்துவிட்டது என்று புலம்பினதாகச் சொல்வார்கள். அவர் பக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குப் படுகிறது.

நம் நாட்டுக்கும் இந்தப் பள்ளிகளின் நிழல் எட்டியது. 1543இல் ஜோவாம் தெ வில்லா தொ கொந்தே சுவாமியாரின் தலைமையில் கோட்டே இராச்சியத்துக்கு வந்தவர்கள் பிரான்சிஸ்கன் சகோதரரே. கோவாவில் அச்சபைக்குப் புனித பொனவெந்தூர் பெயரால் ஒரு கல்லூரி இருந்தது. வேதசாஸ்திரம் கற்பித்த பவுலோ த திரிந்தாதே சுவாமியார் 1630களில் கீழ்நாட்டு வேதபோதக வரலாற்றை எழுதியபோது இலங்கையையும் விரிவாக எழுதினார். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் அச்சகோதரர் இல்லாமற் போனார்கள். கொச்சிக்கடைக் கோயிலோ ஒல்லாந்தர் காலத்தில் கொச்சியிலிருந்து மறைந்து வந்த ஒரு குருவானவரின் மண்சிற்றாலயத்திலிருந்து தொடங்கியது என்பது அவ்விடத்து மரபு.

1263இல் பதுவையின் புதிய பேராலயத்துக்கு மாற்றுவதற்காக அந்தோனியாரின் பெட்டியைத் திறந்தார்கள். சபையின் தலைவராக அங்கே நின்றவர் பொனவெந்தூர். உடல் மண்ணாகியிருந்தது, நாவு மட்டும் அழியாதிருந்தது. முதல் ஆசிரியரின் நாவைப் பள்ளியின் தலைசிறந்த மாணவர் கையிலெடுத்து முத்தி செய்தார். 12ஆம் பத்திநாதர் அந்தோனியாரை வேதபாரகர் என்று அறிவித்தது 1946 சனவரி 16ஆந் திகதி. மொறோக்கோ வேதசாட்சிகள் மரித்த அதே நாள்.

அந்த நாவின் சிறு துண்டொன்று கொச்சிக்கடைக் கோயில் வாசலருகே கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்துச் செபித்துக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது அக்கோயிலில்தான். திருநாளுக்கு முந்திய நாளான ஜூன் 12ஆந் திகதி அது மறுபடி திறக்கப்பட்டது. மறுநாள் பதின்மூன்றாந் திகதி, பாதுகாப்புப் படையினர் நடுவே, மக்கள் வழக்கம்போல மெழுகுதிரியோடு வந்தார்கள்.