மணலின் மொழி அறிந்த பொறியாளர் சர் ஆர்தர் காட்டன்

மழை விட்டபின் நம் பள்ளி மைதானத்தைச் சற்றே உற்று நோக்கினால் ஓர் அரிய பாடம் கிடைக்கும். சரிவான இடத்தில் நீர் விரைந்தோடி மண்ணை அரித்துச் செல்லும். சமதளத்தில் வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலை இறக்கி வைக்கும். தான் இறக்கிய மணலே தடையாகிவிட, நீர் வேறு வழி தேடும். ஆறுகள் தமக்கென வழி அமைத்துக்கொள்வதும் இவ்வாறே. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நம் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும்போது, நீரோடு நம் கொங்கு மண்ணையும் சேர்த்தே காவிரித் தாயிடம் ஒப்படைக்கிறது.

அந்த மண்ணும் மணலும் பிறகு என்ன ஆகின்றன என்று சிந்தித்தவர்களுள் தலையாய ஒருவரை இவ்வாண்டு நினைவுகூர விழைகிறோம். அவரே சர் ஆர்தர் காட்டன்.

1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர், பதினைந்தாம் வயதில் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1821இல் சென்னை மாகாணத்திற்குப் பொறியாளராக வந்தார். சில ஆண்டுகளில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அந்நாளில் தஞ்சை உழவர் பெருந்துயரில் இருந்தனர். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கொள்ளிடம் தாழ்ந்தது; சரிவும் மிகுந்தது. எனவே நீர் அதன் வழியே விரைந்து கடலுக்கு ஓடியது. காவிரியிலோ நீரோட்டம் தளர்ந்து, மணல் படிந்து, ஆற்றின் தரை ஆண்டுதோறும் உயர்ந்தது. தரை உயர உயர நீர் குறைந்தது. நீர் குறையக் குறைய மணல் இன்னும் படிந்தது. எத்தனை ஆட்களைக் கொண்டு தூர் வாரினும் அடுத்த வெள்ளம் மீண்டும் நிரப்பிவிடும். இப்படியே விட்டிருந்தால் தஞ்சையின் நெல்வயல்கள் தரிசாகியிருக்கும்.

காட்டன் முதலில் செய்தது யாது? பழையதை இகழவில்லை, அதனிடம் கற்றார். கரிகாலன் பெயரோடு விளங்கும் கல்லணை, ஆழம் காண இயலாத மணலின் மேல் நூற்றாண்டுகளாக நிற்கிறது. மணலின் மேல் வீடு கட்டியவன் கதையை நாம் நற்செய்தியில் படித்திருக்கிறோம். ஆற்றுக்குள் பாறையைத் தேடி எங்கே போவது? மணலிலும் நிலைத்து நிற்கும் அடித்தளம் அமைக்கும் வித்தையைத் தமிழரின் கல்லணையிடமிருந்தே கற்றதாக அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

அக்கல்வியின் துணையோடு 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை எழுப்பினார். காவிரிக்கு வேண்டிய நீர் திரும்பியது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் அப்போதே உருவாயிற்று.

ஆனால் ஆறு எளிதில் அடங்கும் மாணவியன்று! மிகுதியான நீர் பாயவே, காவிரி இப்போது தன் தரையையே அரித்து அகலத் தொடங்கியது. படிந்து வருத்திய ஆறு, பறித்து வருத்தலாயிற்று. ஆகவே 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பில் தரை அரிக்காதபடி குறுக்குச் சுவரும் அமைத்தனர். ஆற்றுக்கு நீரும் மணலும் ஏற்ற அளவில் இருத்தல் வேண்டும் என்பதை இந்த அனுபவம் உணர்த்தியது. புகழ்பெற்ற ஒரு பணியும் திருத்தம் பெற்ற பின்னரே முழுமையடைந்தது என்பது, விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டு சோரும் நமக்கு ஆறுதலன்றோ?

பின்னர் ஆந்திரத்தில் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை கட்டும் பணியை 1847இல் தொடங்கி 1852இல் முடித்தார். பஞ்சத்தால் வாடிய அந்நிலம் நெற்களஞ்சியமாயிற்று. இன்றும் அங்குள்ள மக்கள் அவருக்குச் சிலை வைத்துப் போற்றுகின்றனர். 1861இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899 ஜூலை 24ஆம் நாள் தம் 96ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் ஆழ்ந்த இறைப்பற்றுடைய கிறிஸ்தவர். பசித்தோர்க்கு உணவளிக்கும் கடமையை அணைகளாலும் வாய்க்கால்களாலும் ஆற்றினார்.

அவர் கற்ற பாடத்தை நாம் காத்தோமா? 1934இல் முடிந்த மேட்டூர் அணை, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதியைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. அணைக்குக் கீழே எஞ்சிய மணலையோ, வீடு கட்டவென்று அளவின்றி அள்ளுகிறோம். மணலிழந்த ஆறு பசித்த ஆறு. அது கரையையும் பாலத்தூணையும் அரித்துத் தின்னும். 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் வெள்ளத்தில், 182 ஆண்டுகள் நின்ற மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டுள்ளது. கற்சுவரும் மனிதரின் காவல் இருக்கும் வரையே நிலைக்கும் என்பதை அந்நாள் நமக்கு நினைவூட்டியது.

அன்பு மாணவியரே, நம்முள் சிலர் நாளைய பொறியாளர்கள்; சிலர் நாளைய தாய்மார்கள்; எல்லோரும் ஆற்றின் பிள்ளைகள். பெற்றோர்களே, புதுமனை கட்டும்போது அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள். நொய்யலைக் கடக்கும் போதெல்லாம் நாமும் ஒரு கணம் நின்று, படைத்தவர் அதற்கு வகுத்த வழியைக் காக்க உறுதி கொள்வோமாக!