காட்டுக்குக் கணக்கெழுதிய சென்னை மருத்துவர் கிளெக்ஹார்ன்

பெங்களூரு, மே 16: சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர், பெங்களூரு லால்பாக் அரசுத் தாவரவியல் பூங்காவாக மாறக் காரணமானவர், இமயமலையின் தேவதாருக் காடுகளை முறையாக ஆராய்ந்த முன்னோடி எனப் பல சிறப்புகளுக்கு உரிய டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன், 1895-ஆம் ஆண்டு இதே நாளில் ஸ்காட்லாந்தில் காலமானார். காடு யாருக்குச் சொந்தம் என்ற, இன்றளவும் தீராத வழக்கின் தொடக்கத்திலும் அவரது பெயர் இடம்பெற்றிருக்கிறது.

கிளெக்ஹார்ன் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதியதல்ல. இலங்கையில் சிங்களரும் தமிழரும் தனித்தனி நிலப்பகுதிகளைக் கொண்ட இரு வேறு மக்கள் என்று 1799-இல் எழுதப்பட்ட குறிப்பு, தமிழர் தாயகக் கோரிக்கைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதை எழுதிய, இலங்கையின் முதல் காலனியச் செயலர் ஹியூ கிளெக்ஹார்ன், இவருடைய பாட்டனார் ஆவார்.

சென்னையில் பிறப்பு: சென்னை உச்ச நீதிமன்றத்தில் அதிகாரியாக இருந்த பாட்ரிக் கிளெக்ஹார்னின் மகனாக 1820 ஆகஸ்ட் 9-இல் சென்னையில் பிறந்த கிளெக்ஹார்ன், சிறு வயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டு, பாட்டனாரின் பண்ணையில் வளர்ந்தார். எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1842-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை திரும்பினார்.

மைசூர் அரசு அப்போது ஆங்கிலேய ஆணையரின் நிர்வாகத்தில் இருந்தது. ஆணையர் மார்க் கப்பனின் கீழ் 1846-இல் சிவமொக்கா பகுதியில் பணியமர்த்தப்பட்ட கிளெக்ஹார்ன், மருத்துவப் பணிக்கிடையே செடிகளைச் சேகரித்து, இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் காடுகள் அழிந்துவருவதையும் அங்குதான் நேரில் கண்டார்.

உடல்நலக் குறைவால் தாயகம் திரும்பியிருந்தபோது, வெப்பமண்டலக் காடுகளின் அழிவு குறித்த அறிக்கையை வேறு மூன்று அறிஞர்களுடன் இணைந்து 1851-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் அளித்தார். மரம் அழிந்தால் ஊற்றும் மண்ணும் பருவநிலையும் பாதிக்கப்படும் என்ற கருத்தை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்ற தொடக்க கால ஆவணங்களில் அது ஒன்று. பின்னர், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார்.

லால்பாக்: ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவுபடுத்திய லால்பாக் 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்காவானது. இதற்கு ஆலோசனை வழங்கிய கிளெக்ஹார்ன், பூங்காவை வருவாய் ஈட்டும் தோட்டமாக நடத்துவதை ஏற்கவில்லை. உள்நாட்டுத் தாவரங்களை ஆராய்வதும், சென்னை, கல்கத்தா, உதகை பூங்காக்களுடன் விதைகளையும் கன்றுகளையும் பரிமாறிக்கொள்வதுமே அதன் பணி என்பது அவரது நிலைப்பாடு. 1858-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வில்லியம் நியூ கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். பசிபிக் தீவுகளையும் ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்ட அரௌகேரியா போன்ற ஊசியிலை இன மரங்கள் லால்பாகில் வேரூன்றியதற்கு இத்தகைய பரிமாற்றங்களே வழிவகுத்தன.

ரயிலும் காடும்: தென்னிந்தியாவின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு 1856 ஜூலையில் ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். தண்டவாளங்களைத் தாங்கும் சிலீப்பர் கட்டைகளுக்காகவும், என்ஜின்களுக்கான விறகுக்காகவும் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. அனுமதியின்றி மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு, தேக்கு போன்ற விலையுயர்ந்த மரங்களுக்குப் பாதுகாப்பு, புதிய நடவு என அவர் நிர்வாகத்தை அமைத்தார்.

காட்டின் ஒரு பகுதியை எரித்துப் பயிரிட்டு, பின்னர் வேறிடம் செல்லும் முறை கன்னடப் பகுதிகளில் குமரி எனப்பட்டது. கிளெக்ஹார்ன் அதைக் கடுமையாக எதிர்த்தார். முன் அனுமதியின்றி அரசுக் காடுகளில் குமரி செய்வதைச் சென்னை அரசு 1860-இல் தடை செய்தது. ரயில்வே தேவையும் காப்பித் தோட்டங்களும் காட்டை அழிப்பதை அவர் அறியாதவரல்லர். எனினும், ஒப்பந்தக்காரர்களுக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. மலைமக்களுக்கோ வாழ்வாதாரமே தடைக்குள்ளானது.

தேவதாரு ஆய்வு: தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிரம்பலி ஒன்றே. தெற்கில் அனுபவம் பெற்ற கிளெக்ஹார்னை, ஊசியிலைக் காடுகள் நிறைந்த இமயமலைக்கு 1861-இல் அனுப்பினார் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு. பஞ்சாப் ரயில் பாதைகளுக்குத் தேவதாரு தேவைப்பட்டது. எண்ணெய்ப் பசை கொண்ட அதன் வயிரப் பகுதியைக் கரையான் எளிதில் அரிப்பதில்லை. வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொண்டுவரவும் முடியும்.

செனாப், ராவி, சட்லெஜ் உள்ளிட்ட ஆறுகளின் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்து, 1864-இல் அவர் அறிக்கை வெளியிட்டார். ஆற்றுக்கு அருகே எளிதில் எட்டக்கூடிய தேவதாருக் காடுகள் பெருமளவு வெட்டப்பட்டுவிட்டதை அது காட்டியது. மெதுவாக வளரும் அம்மரத்தை, அது மீண்டும் வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்பதே அவரது அணுகுமுறை. 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரான டீட்ரிச் பிராண்டிஸுடன் இணைந்து பணியாற்றிய அவர், பிராண்டிஸ் விடுப்பில் சென்றபோது அப்பொறுப்பையும் வகித்தார்.

சென்னையின் எதிர்ப்பு: 1865-இல் முதல் வனச் சட்டமும், 1878-இல் அதைவிடக் கடுமையான சட்டமும் வந்தன. கிராம மக்களுக்குக் காடுகளில் வழிவழியாக உள்ள உரிமைகளைச் சுட்டிக்காட்டி, சென்னை வருவாய் வாரியம் ஆட்சேபம் தெரிவித்தது. 1878 சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. 1882-இல்தான் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதன் கீழும் ஒதுக்குக் காடுகள் விரிந்தன; மலைமக்களின் உரிமைகள் சுருங்கின.

காலனி ஆட்சியிலும் விடுதலைக்குப் பின்னரும் வனவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை நாடாளுமன்றம் ஏற்றது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில்தான். அதன் பிறகும், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாத இறுதியில் நிறுத்திவைத்தது.

1860-களின் இறுதியில் தாயகம் திரும்பிய கிளெக்ஹார்ன், ஸ்காட்லாந்து மர வளர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருமுறை பணியாற்றினார். சென்னை ஓவியர் கோவிந்து உள்ளிட்டோர் அவருக்காக வரைந்த தாவர ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் தொடங்கி வைத்த மரக் கணக்கை இன்றும் வனத்துறை தொடர்கிறது. அக்கணக்கில் இடம்பெறாத மக்களின் உரிமைக் கோரிக்கைகள் இன்னும் பரிசீலனையில் உள்ளன.