கிந்தனாரைப் பாடியவர் கண்ட சிறை

நாகர்கோவில் மணிமேடையில் சிலையாக நிற்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிரிக்க வைத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது.

1908இல் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், வில்லுப்பாட்டு பாடினார். நாடகக் கம்பெனி வழியாகச் சினிமாவுக்கு வந்தார்.

1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டார். நடிகர், பாடகர்களின் அந்தரங்கத்தை எழுதுவதாக மிரட்டிப் பணம் பறிப்பவர் என்று பேர் வாங்கிய பத்திரிகைக்காரர் அவர். டிசம்பரில் பாகவதரையும் கலைவாணரையும் போலீஸ் கைது செய்தது. அப்ரூவர் சாட்சியமே அவர்கள் மீதான வழக்குக்கு முக்கியத் தூண். அப்ரூவர் என்றால், குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்காகச் சாட்சி சொல்பவர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகே மறுவிசாரணை நடந்தது. 1947 ஏப்ரலில் நிரபராதிகள் என்று இருவரும் விடுதலையானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போயிருந்தது.

1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கித் தீயில் இறங்கினார். கிந்தனாரோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பினார். கோயில் வாசலில் காத்து நின்ற கதையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார் கலைவாணர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறக்காத ஒருவர் அன்று அதைச் செய்தது சிறிய காரியமல்ல. 1957இல் மறைந்தார்.

பணமும் புகழும் இருந்தவருக்கே போலீஸ் வழக்கிலிருந்து மீள லண்டன் வரை போகவேண்டியிருந்தது. நம் தெருக்களில் சந்தேகத்தின் பேரில் பிடிபடும் கூலிக்காரப் பையனுக்கு ஜாமீன் கட்டவே ஆளில்லை. அவனுக்கு ஒரு வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.

கிந்தனாரைப் போலப் படித்த பிள்ளைகள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுக்க அவர்கள் முன்வர வேண்டும்.