கொண்டது விடாமை: ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரச் சுருக்கம்

சப்பிரகமுவ மாகாணத்திலே, இறக்குவானை முதல் எட்டியாந்தோட்டை ஈறாகப் பரந்துள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே, நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் உபாத்தியாயர்களுடைய நிலை யாவரும் அறிந்ததே. 2016ஆம் ஆண்டு மே மாதத்திலே கேகாலைப் பகுதியிலுள்ள அரநாயக்கவில் மலை சரிந்தது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் இரத்தினபுரியிலே பெருவெள்ளம் புகுந்தது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோயினாலும், 2022ஆம் ஆண்டிலே எரிபொருளின்மையாலும் பள்ளிகள் அடைபட்டன. காலம் இங்ஙனம் நிலைகலங்கும்போது, தாம் மேற்கொண்ட நோக்கத்தைத் தளராது கொண்டு செலுத்துவது எவ்வாறு என்று ஏங்குவார் பலர். அவர் பொருட்டு நாவலரவர்களுடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றாம்.

நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி, கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். ஒன்பதாம் வயதிலே தந்தையாரை இழந்தார். தந்தையார் பாடி முடியாது விட்டுச்சென்ற நாடகமொன்றை அச்சிறுவரே பாடி நிறைவேற்றினார் என்பர். குறைபட்டு நின்றதைக் குறைவறச் செய்யும் இயல்பு அன்றே அவரிடத்து முளைத்தது போலும்.

தமிழைச் சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் கற்றார். ஆங்கிலத்தை வெசிலியன் மிஷன் பாடசாலையிலே கற்றார். அப்பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் இவருடைய புலமையைக் கண்டு, ஆசிரியராகவும், விவிலிய நூலைத் தமிழ்ப்படுத்துதற்குத் துணைவராகவும் இவரை அமர்த்திக்கொண்டார். வேதனமும் மதிப்பும் குறைவின்றிக் கிடைத்தன. ஆயினும், தம் சமயத்துப் பிள்ளைகள் தம் சமயத்தைக் கற்றற்கு ஒரு பள்ளி தானும் இல்லாமை அவர் உள்ளத்தை வருத்திற்று.

அவர் செய்த முதற்காரியம் மிகச் சிறியது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை மாலையிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஒரு பிரசங்கம் செய்தார். அதனை ஒருநாட் காரியமாக விடாது, வெள்ளிக்கிழமைதோறும் நிகழும் நியமமாக்கினார். நல்லூர்க் கார்த்திகேச ஐயரும் அப்பணியிலே துணைநின்றார். அடுத்த ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரியாரிடத்துப் பெற்ற உத்தியோகத்தையும் துறந்தார். இல்வாழ்க்கையை மேற்கொள்ளாது, தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஆக்கினார்.

பள்ளி உண்டாயிற்று, பொருள் இல்லை. அரசினர் உதவிப்பணமும் பல ஆண்டு கிடைத்திலது. செல்வர் ஒருவரை எதிர்நோக்கி அவர் காத்திருந்தாரல்லர். வீடுதோறும் சோறாக்கும்போது பிடியரிசி எடுத்து வைக்கும்படி வேண்டி, அதனைத் திரட்டிப் பள்ளிச் செலவுக்கு உதவினார். ஒரு பிடி அரிசி எவ்வீட்டையும் வறுமைப்படுத்தாது; நாடோறும் சேர்வதனால் அது பள்ளியைத் தாங்கும்.

பிள்ளைகளுக்குப் பாடபுத்தகமும் இல்லை. 1849ஆம் ஆண்டிலே சதாசிவப்பிள்ளையுடன் சென்னப்பட்டணஞ் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவிப் பாலபாடங்களை வரிசையாக வெளியிட்டார். 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார்; 1861ஆம் ஆண்டிலே திருக்குறட் பரிமேலழகருரையைப் பதிப்பித்தார். கற்கத் தொடங்குவார்க்கு எளிதாதற்பொருட்டுச் சந்தி பிரித்தும், நிறுத்தக்குறி இட்டும் வசனம் எழுதினார். இன்று நம் மாணாக்கர் தடையின்றி வாசித்தற்கு அவர் பட்ட பிரயாசையும் ஒரு காரணமாம். 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தாபித்தார்.

எடுத்த காரியம் யாவும் அவருக்குக் கைகூடின என்று எண்ணற்க. ஆங்கிலங் கற்க விரும்பும் சைவப்பிள்ளைகள் பிறர் பள்ளியை நாடாதிருக்கும்பொருட்டு, 1872ஆம் ஆண்டிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள்முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மூடிய கதவின் முன்னே அவர் சோர்ந்திருந்தாரல்லர். 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது, பொருள் திரட்டி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். குடிகள் துயரை மதியாத அதிகாரிகளை அஞ்சாது கண்டித்தார். பிரசங்கமும் பதிப்பும் இடையறாது நடந்தன. 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி, தமது ஐம்பத்தேழாம் வயது நடக்கையிலே சிவபதமடைந்தார். அவர் காலத்தில் நிலைபெறாத ஆங்கிலப்பள்ளி நோக்கமோ அழிந்திலது. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890ஆம் ஆண்டு முதல் அச்சபையின் ஆதரவிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வளர்ந்தது.

இச்சரித்திரத்தால் அறியற்பாலது யாது? நாவலரவர்கள் நோக்கத்தை மாற்றினாரல்லர். வழிகளை மாத்திரம் காலத்துக்கேற்ப மாற்றினார். உள்ளக் கிளர்ச்சி எழும் நாளை எதிர்பார்த்து அவர் உழைத்திலர். வெள்ளிக்கிழமை வந்தது, பேசினார். ஒரு நூல் முடிந்தது, மற்றொன்றைத் தொடங்கினார். மனந் தளர்ந்த நாளிலும் செய்யத்தக்க அளவினதாய் ஒரு நியமத்தை வகுத்துக்கொள்ளுதலே கொண்டது விடாமைக்கு உபாயம்.

ஒன்று மறைத்தல் தகாது. நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் உழைத்த அக்காலத்திலேயே, தமிழ்நாட்டுச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்ட நம் முன்னோர், மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து, வழியிலே பலரை இழந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். நாவலரவர்களுடைய பள்ளி அவர்கள் பிள்ளைகளை எட்டவில்லை. சாதி வரம்பையும் அவர் விட்டாரல்லர். இஃது அவருடைய பெருமையைக் கூறும்போது நாம் மறக்கலாகாத குறையாம். தந்தையார் விட்ட நாடகத்தை அவர் முடித்ததுபோல, அவர் விட்ட குறையை முடித்தல் லயத்துப் பிள்ளைகள் யாவரையும் ஒருபடித்தாகக் கற்பிக்கும் உபாத்தியாயர்களுடைய கடன்.

ஆதலால், உபாத்தியாயர்களே, மழை வழியை மறித்த வாரத்திலும், பள்ளி அடைபட்ட மாதத்திலும், லயத்து வாசலில் ஒரு நாழிகை நான்கு பிள்ளைகளை இருத்தி வாசிப்பித்தல் இயலும். கொழுந்து கொய்து மாலையில் மீளும் தாய், தன் பிள்ளை ஒரு பக்கத்தைப் பிழையற வாசிக்கக் கேட்பாளாயின், அவ்வாரம் வீண்போயிற்றில்லை. ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டு தொடங்குக. அடுத்த வெள்ளிக்கிழமையும் தவறாதிருக்க.