வல்வில் ஓரி: ஒரே அம்பில் ஐந்து விலங்குகள்!

பொத்தேரியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்க. ரீல்ஸ்ல வில் வேட்டை பார்த்துட்டு, நாமளும் கத்துக்கலாமேனு ஆசை வந்திருக்கா? அப்போ ஓரியைத் தெரிஞ்சுக்கோங்க.

சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றியையும் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புறநானூற்றின் 152-ம் பாடலில் வன்பரணர் சொல்கிறார். கொஞ்சம் ஓவர்தான்!

ஆனா, அதுக்கு அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடிச்சது. வேட்டைக்காரன் யாரென்றே தெரியாமல் பாணர் கூட்டம் அவன் எதிரில் பாடுகிறது. தன்னைப் புகழ்வதைக் கேட்டு அவன் கூச்சப்படுகிறான். பெயரைச் சொல்லாமலே, வேட்டையாடிய மானின் இறைச்சியும் மதுவும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான்.

அப்படிப்பட்டவனை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான்.

இன்னிக்கு நீங்க மான்மேல அம்பு விட்டா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில்தான். இலக்குப் பலகைபோதும். எடுத்த எடுப்பிலேயே விறைப்பான வில் வேண்டாம், தோள்பட்டை போயிடும். இழுக்க லேசானதா வாங்குங்க. கை பழகினதும், ஆடி 18-ஐ ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை போய்ட்டு வாங்க. அங்கே வில்வித்தைப் போட்டியும் உண்டு.