வேர்க்கடலையின் புகழில் மறைந்த தோட்டக்கலைஞர் கார்வர்

அமெரிக்க வேளாண் அறிவியலர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை உலகம் வேர்க்கடலையோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்ற செய்தியும் இன்றளவும் உலவுகிறது, அது உண்மையன்று. அடிப்படையில் அவர் ஒரு தோட்டக்கலைஞர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

மிசௌரி மாநிலத்தின் டைமண்ட் பகுதியில், 1864-ஆம் ஆண்டையொட்டி, அடிமைப்பட்டிருந்த தாய்க்குப் பிறந்தவர் கார்வர். கைக்குழந்தையாக இருந்தபோது தாயும் சேயும் கொள்ளையரால் கடத்தப்பட்டனர். குதிரையொன்றை ஈடாகக் கொடுத்துக் குழந்தை மட்டும் மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. நோய்வாய்ப்பட்ட உடல் என்பதால் கடும் வயல்வேலையிலிருந்து விலக்குப் பெற்ற சிறுவன், காட்டுக்குள் எவரும் அறியாமல் சிறு தோட்டமொன்றை வளர்த்தான். நாளடைவில் அண்டை வீட்டார் தங்கள் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவரலாயினர்.

கன்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று அஞ்சல்வழி இடமளித்துவிட்டு, நேரில் வந்தவர் கருப்பினத்தவர் எனக் கண்டதும் திருப்பியனுப்பியது. 1890-இல் அயோவாவின் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அவர் வரைந்த செடிகளையும் பூக்களையும் கண்ட ஆசிரியை எட்டா பட், தாவரவியல் பயிலுமாறு அறிவுறுத்தினார். ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரியில் அவருடைய தந்தையே தோட்டக்கலைப் பேராசிரியர். மறு ஆண்டு அங்குச் சென்ற கார்வர், அக்கல்லூரியின் முதல் கருப்பின மாணவரானார். தொடக்கத்தில் ஏனைய மாணவரோடு அமர்ந்து உண்ண அவருக்கு இடமில்லை. பண்ணைத் தொழிலாளரோடு கீழ்த்தளத்தில் உண்டார். 1894-இல் பட்டம் பெற்றதும் கல்லூரியின் பசுமைக்கூடம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அமரில்லிஸ் மலர்ச்செடிகளைக் கலப்பினம் செய்வதிலும் ஒட்டுக்கட்டுவதிலும் அவர் கை தேர்ந்திருந்தது.

அந்த வாழ்வை விட்டு, 1896-இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று அலபாமாவின் டஸ்கிகீ நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே பருத்தி மண்ணை வறளச் செய்திருந்தது. வாரத்துக்குப் பயிரிட்ட கருப்பினக் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன. உரம் வாங்க வழியில்லை. சருகையும் சதுப்புநிலச் சேற்றையும் மக்கச்செய்து வயலுக்கு இடவும், மண்ணில் தழைச்சத்து சேரக் காராமணியும் வேர்க்கடலையும் மாற்றிப் பயிரிடவும் கார்வர் கற்பித்தார். பள்ளிக்கு வர இயலாதவர்களுக்காக 1906 முதல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியே வகுப்பறையாக ஊர் ஊராகச் சென்றது. கோழிப்பண்ணை நிர்வாகமும் அவர் தலையில் சுமத்தப்பட்டது. அதுபற்றி அவருக்கும் வாஷிங்டனுக்கும் நீண்டகாலம் பூசல் நிலவியது.

1921-இல் வேர்க்கடலை இறக்குமதி வரி தொடர்பாக நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் அளித்த விளக்கம் நாடறியச் செய்தது. அதன்பின் தோட்டக்கலைஞர் மறைந்து, வேர்க்கடலை அறிஞர் மட்டுமே செய்தித்தாள்களில் எஞ்சினார். ஆயினும் மேற்சட்டையில் நாள்தோறும் ஒரு பூவைச் செருகிக்கொள்ளும் வழக்கத்தை அவர் விடவில்லை.

1943 ஜனவரி 5 அன்று காலமான கார்வர், டஸ்கிகீயில் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த பண்ணை அதே ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.