ஒரு விசிட்டிங் கார்டுக்காக கேஸ் போட்ட ஆஸ்கர் வைல்ட்: கடைசியில் ஜெயிலுக்குப் போனது யார்?

1895 பிப்ரவரி 18, மாலை நேரம். லண்டன் ஆல்பெமார்ல் கிளப்புக்கு வந்த ஒரு பிரபு, தன் விசிட்டிங் கார்டில் ஒரு வரி கிறுக்கி, வாசலில் இருந்த ஊழியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கையெழுத்து சரியாகப் புரியவில்லை. முக்கியமான வார்த்தையில் எழுத்துப் பிழை வேறு. ஊழியர் அதைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. பின்பக்கம் தேதியையும் நேரத்தையும் குறித்து, ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 28-ம் தேதி கிளப்புக்கு வந்த ஆஸ்கர் வைல்ட் கையில் அந்தக் கவர் போய்ச் சேர்ந்தது. அந்த நிமிடம் வரை அந்த வரியைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: எழுதியவர், கிளப் ஊழியர், வைல்ட். ஐந்து வாரம் கழித்து லண்டனில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிய வைத்தது வைல்ட் போட்ட வழக்கு.

யார் இந்த வைல்ட்?

1854-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். அப்பா சர் வில்லியம் வைல்ட், கண், காது சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர். அம்மா ஜேன், புனைபெயரில் தேசபக்திக் கவிதைகள் எழுதியவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. 1882-ல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி லெக்சர் கொடுத்தார். 1884-ல் கான்ஸ்டன்ஸ் லாய்டை மணந்தார், இரண்டு மகன்கள். 1890-ல் அவருடைய ஒரே நாவலான ‘டோரியன் கிரேயின் உருவப்படம்’ ஒரு பத்திரிகையில் வந்தபோது, ஒழுக்கக்கேடு என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். அப்போது வைல்ட் கோர்ட்டுக்குப் போகவில்லை. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி பதிலடி கொடுத்தார். வார்த்தைச் சண்டையில் அவரை ஜெயிக்க அன்றைக்கு லண்டனில் ஆளே இல்லை என்று சொல்லலாம். 1895 தொடக்கத்தில் அவருடைய இரண்டு நாடகங்கள் ஒரே சமயத்தில் லண்டன் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தன.

கார்டு எழுதியவர் குயின்ஸ்பெரி பிரபு. இன்றைக்கும் பாக்ஸிங் விதிகள் இவர் பெயரில்தான் அறியப்படுகின்றன. இவருடைய மகன் ஆல்ஃபிரட் டக்ளஸும் வைல்டும் 1891-ல் சந்தித்தார்கள், காதலர்களானார்கள். அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. 1894-ல் வைல்டின் வீட்டுக்கே வந்து மிரட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய மூத்த மகன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அதன்பிறகு பிரபுவின் கோபம் கட்டுக்கடங்காமல் போனது. 1895 பிப்ரவரி 14, வைல்டின் புது நாடகம் அரங்கேறிய இரவில், ரகளை செய்ய காய்கறிக் கொத்தோடு தியேட்டருக்கு வந்தார். முன்பே தகவல் தெரிந்து போலீஸ் காவல் போட்டிருந்ததால் உள்ளே நுழைய முடியவில்லை. அடுத்த நான்காவது நாள்தான் அந்தக் கார்டு.

அதில் இருந்தது இதுதான்: வைல்ட் ஆண்களோடு உடலுறவு கொள்பவர் போல நடந்துகொள்கிறார் என்ற குற்றச்சாட்டு. 1885-ல் வந்த சட்டத் திருத்தப்படி, ஆண்களுக்கு இடையே பாலியல் உறவு என்பது இரண்டு ஆண்டு வரை ஜெயிலுக்குரிய குற்றம். அதனால் இதை வெறும் திட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிரிமினல் குற்றத்தை எழுத்தில் சாட்டியிருந்தார் பிரபு.

கால் பென்னி பாடங்கள்

அவதூறு வழக்கு என்றால் என்ன நடக்கும் என்று வைல்டுக்குத் தெரியாமல் இல்லை. அவர் வீட்டிலேயே ஒன்று நடந்திருந்தது.

1864-ல் வைல்டுக்கு 10 வயது. அப்பாவிடம் சிகிச்சைக்கு வந்த மேரி டிராவர்ஸ் என்ற பெண், டாக்டர் தன்னை மயக்கி வன்புணர்வு செய்தார் என்று துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஊர் முழுக்கப் பரப்பினார். கொதித்துப்போன ஜேன் வைல்ட், அந்தப் பெண்ணின் தந்தைக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்தே டிராவர்ஸ் அவதூறு வழக்குப் போட்டார். டப்ளினே வேடிக்கை பார்த்தது. டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. டிராவர்ஸ் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் ஜூரி கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு மட்டும் வைல்ட் குடும்பத்தின் தலையில் விழுந்தது, சுமார் 2,000 பவுண்டு. ஒரு பெண் சொன்ன அவ்வளவு பெரிய புகார் கடைசி வரை நேராக விசாரிக்கப்படவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கோர்ட் தீர்ப்புச் சொன்னது ஒரு கடிதத்தின் வார்த்தைகள் பற்றித்தான்.

இரண்டாவது உதாரணம் லண்டனில், வைல்டின் நட்பு வட்டத்திலேயே. ஓவியர் விஸ்லர் 1878-ல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மீது வழக்குப் போட்டார். தன் ஓவியத்தை, மக்கள் முகத்தில் பெயின்ட் டப்பாவைக் கொட்டியதற்குச் சமம் என்கிற மாதிரி ரஸ்கின் எழுதியதுதான் காரணம். விஸ்லர் கேட்டது 1,000 பவுண்டு. ஜெயித்தார். கிடைத்தது? அதே கால் பென்னி! தன் பக்கச் செலவைத் தானே சுமந்ததில் அடுத்த ஆண்டே திவாலாகி, லண்டன் டைட் ஸ்ட்ரீட்டில் ஆசையாகக் கட்டிய வீட்டையும் விற்றார். பிற்பாடு வைல்ட் குடும்பத்தோடு வாழ்ந்ததும் அதே தெருவில்தான்.

ரெண்டையும் பார்த்தவர், தெரிஞ்சே எப்படி இறங்கினார்?

கேஸ் போடாமல் இருந்திருக்கலாமா?

நெருங்கிய நண்பர் ராபி ராஸ் சொன்னது, விட்டுத்தள்ளு என்றுதான். பத்திரிகையாளர் ஃபிராங்க் ஹாரிஸும் நாடகாசிரியர் பெர்னாட் ஷாவும் மார்ச் கடைசியில் கஃபே ராயல் உணவகத்தில் உட்கார வைத்து, வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு மனைவியோடு பிரான்ஸுக்குப் போய்விடச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த டக்ளஸ், இப்படிச் சொல்கிறவர்கள் நண்பர்களே இல்லை என்று கோபித்துக்கொண்டு வெளியேற, வைல்டும் பின்னாலேயே போனார்.

டக்ளஸுக்கு அப்பா மேல் தீராத வெறுப்பு. அவரை ஜெயிலில் பார்க்க வேண்டும். செலவைத் தங்கள் குடும்பமே ஏற்கும் என்று வாக்கும் கொடுக்கப்பட்டது. வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் டக்ளஸ் மேல் மொத்தப் பழியையும் போட்டுவிட முடியாது. ஒரு மனிதர் வீடு, தியேட்டர், கிளப் என்று எல்லா இடத்துக்கும் துரத்தி வருகிறார். பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஊர் பேசும். சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை வெளியிலிருந்து அறிவுரை சொல்பவர்கள் கொடுப்பதில்லை. வைல்டின் உண்மையான தவறு வேறு இடத்தில் இருந்தது. வக்கீல் ஹம்ஃப்ரீஸ், இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். இல்லவே இல்லை என்றார் வைல்ட்.

சட்டம் வைத்த பொறி

வைல்ட் போட்டது கிரிமினல் அவதூறு வழக்கு. மார்ச் 2-ம் தேதி குயின்ஸ்பெரி கைதானார். தோற்றால் அவருக்கும் ஜெயில். தப்பிக்க 1843-ம் ஆண்டுச் சட்டம் ஒரே ஒரு வழி வைத்திருந்தது: எழுதியது உண்மை, அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. வழக்குப் போட்டதன் மூலம், தன்னுடைய அந்தரங்கத்தைத் தோண்டியே ஆக வேண்டிய கட்டாயத்தை எதிராளிக்கு வைல்டே உருவாக்கிவிட்டார். பிரபு பிரைவேட் டிடெக்டிவ்களை இறக்கினார். பணத்துக்காக வைல்டோடு இருந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்தார்கள். விசாரணைக்குச் சில நாள் முன்பு தாக்கலான பதில் மனுவில் பத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள், பெயர், இடம், தேதியோடு இருந்தன.

இது ஏதோ பழங்கால பிரிட்டிஷ் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவிலும் இதே விதிவிலக்கு உண்டு: உண்மையாக இருக்க வேண்டும், பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவாகத் தொடர்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. 2016-ல் உச்ச நீதிமன்றமும் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பிரிட்டனோ 2010-லேயே கிரிமினல் அவதூறைக் கைவிட்டுவிட்டது. நஷ்ட ஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். இரண்டிலுமே கேள்வி, மனசு எவ்வளவு வலித்தது என்பதில்லை. மற்றவர்கள் பார்வையில் மதிப்பு குறைந்ததா, சொன்னது உண்மையா என்பதுதான்.

மூன்று நாள்

ஏப்ரல் 3, ஓல்ட் பெய்லி நீதிமன்றம். குயின்ஸ்பெரி தரப்பு வக்கீல் எட்வர்ட் கார்சன், டிரினிட்டியில் வைல்ட் படித்த அதே காலத்தில் படித்தவர். ஆரம்பத்திலேயே ஒரு சின்ன அடி: வயது 39 என்றார் வைல்ட், 40 என்று கார்சன் திருத்தினார். ஒரு வயதில் என்ன இருக்கிறது? சத்தியம் செய்துவிட்டுச் சொன்னதில் முதல் பொய் பதிவாகிவிட்டது, அதுதான்.

நாவல், கடிதங்கள் பற்றிய கேள்விகளுக்கு வைல்ட் அசத்தலாகப் பதில் சொன்னார். கோர்ட்டில் சிரிப்பலை. இலக்கியம் முடிந்து இளைஞர்களின் பெயர்கள் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒரு வேலைக்காரப் பையனை முத்தமிட்டீர்களா என்ற கேள்விக்கு, இல்லை, பார்க்க நன்றாக இருக்க மாட்டான் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் அழகாக இருந்திருந்தால்? கார்சன் விடவில்லை, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வைல்டிடம் பதில் இல்லை. மேடையில் கைதட்டல் வாங்கித் தந்த அதே வாய், கூண்டில் அவரைக் கவிழ்த்தது.

அந்த இளைஞர்களையே சாட்சிக்கு அழைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஏப்ரல் 5-ம் தேதி வைல்ட் தரப்பு வழக்கைக் கைவிட்டது. எழுதியது உண்மை, பொதுநலனுக்கானது என்று ஜூரி சொல்லிவிட்டது. சேகரித்த வாக்குமூலங்களை எல்லாம் பிரபுவின் வக்கீல் அன்றைக்கே அரசு வழக்குத் துறைக்கு அனுப்பிவிட்டார். ரயில் பிடித்து பிரான்ஸுக்கு ஓடச் சொன்னார்கள் நண்பர்கள். வைல்ட் கடோகன் ஹோட்டல் அறையில் உட்கார்ந்தே இருந்தார். மாலையில் போலீஸ் வந்தது.

அப்புறம்?

குயின்ஸ்பெரியின் வழக்குச் செலவையும் வைல்டே கட்ட வேண்டும். ஏப்ரல் 24-ல் டைட் ஸ்ட்ரீட் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. தியேட்டர் போஸ்டர்களில் நாடகம் இருந்தது, எழுதியவர் பெயர் இல்லை. முதல் விசாரணையில் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. மறு விசாரணையில் மே 25-ம் தேதி இரண்டு ஆண்டு கடுங்காவல். சிறைத் தேவாலயத்தில் ஒருமுறை மயங்கி விழுந்ததில் காதில் அடிபட்டது. ஊருக்கே காது வைத்தியம் பார்த்தவரின் மகனுக்கு, 1900-ல் உயிரைப் பறித்த நோய் தொடங்கியதும் காதில்தான்.

1896-ல் அம்மா இறந்தபோது அவர் சிறையில். மனைவி தன் பெயரையும் மகன்கள் பெயரையும் ஹாலண்ட் என்று மாற்றிக்கொண்டு வெளிநாட்டில் வாழ்ந்தார், 1898-ல் இறந்தார். மகன்களை வைல்ட் பிறகு பார்க்கவே இல்லை. 1897-ல் விடுதலையாகி, பொய்ப் பெயரில் பிரான்ஸில் சுற்றினார். சிறை அனுபவத்தில் எழுதிய நீள்கவிதையில்கூட ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய சிறை அறை எண்தான் முதலில் அச்சானது. 1900 நவம்பர் 30, பாரிஸில் ஒரு மலிவான ஹோட்டலில் இறந்தார். வயது 46.

அவரைத் தூண்டிவிட்ட ஆல்ஃபிரட் டக்ளஸுக்கு கோர்ட் ஆசை போகவில்லை. 1913-ல், வைல்டைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆர்தர் ரான்ஸம் மீது அவதூறு வழக்குப் போட்டார். சிறையிலிருந்து வைல்ட் டக்ளஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அதுவரை வெளிவராத பகுதிகள் அந்த வழக்கில்தான் முதன்முதலாகப் பலர் காதுபட வாசிக்கப்பட்டன. எல்லாமே டக்ளஸைக் குற்றம் சாட்டும் பகுதிகள். வழக்கும் தோற்றது. 1923-ல் அவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார், வின்ஸ்டன் சர்ச்சிலை அவதூறாக எழுதியதற்காக. ஆறு மாதம் ஜெயில். உள்ளே இருந்தபோது ஒரு கவிதைத் தொகுப்பு எழுதினார். விடுதலையானபோது அந்தக் கையெழுத்துப் பிரதியை வெளியே கொண்டுபோகச் சிறை அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. மனப்பாடமாக இருந்ததை வைத்து வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.